கரைச்சல் இல்லையெண்டா

அவரை நான் முதன்முதலில் கண்ட அன்று, அவர் நடுத்தெருவில் நின்று தன்னுடைய நாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் அந்த வரிசை வீட்டுக்கு நாங்கள் குடிவந்த கிழமை அது. மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுத்த பழுப்பு நாயொன்று தெருவின் நடுவில் குந்திக்கொண்டு எழும்ப மறுத்தது. பின்னால் ஒரு கார் காத்து நின்றது. உயரமான கிழவர். மடிப்புக் குலையாத காற்சட்டை, முகம் பார்க்கலாம் போல மினுங்கும் சப்பாத்து. குடையை நாய்க்கு மேலே பிடித்துத் தான் நனைந்தபடி, குனிந்து டெனிஷில் சொன்னார்:

"உமக்குக் கரைச்சல் இல்லையெண்டா, வீட்டை போவமோ?"

நாய் யோசித்தது. அவரும் காத்திருந்தார். கார்க்காரனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஒரு மரியாதை வைத்தார். கழுத்து வாரைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தால் முடிகிற வேலை. அவர் இழுக்கவில்லை. கடைசியில் நாய் தானாக மனம்வைத்து எழும்பி நடந்தது. அவர் அதற்கு நன்றி சொன்னார்.

அவர் பேசியது இங்கிலீஷ் இழுவையுடன் கூடிய டெனிஷ். ஆனால் என் காதில் அது அன்றைக்கே எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான் கேட்கிறது. ஆகவே அவருடைய பேச்சை அப்படியே எழுதுகிறேன்; தொந்தரவு என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் கரைச்சல். பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்க இனி வழியில்லை, கேட்காமல் எதையும் எடுப்பது அவருக்கு ஆகாத காரியம்.

டென்மார்க்கில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்போது சின்ன வகுப்புப் படித்த என் மகள்கூட வேலிக்கு மேலால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் மட்டும் மனதுக்குள் மேஜர் என்றேன். அது வந்தது இப்படி: எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பொது முற்றத்தைத் துப்புரவாக்கும் ஒரு சனிக்கிழமை. வேலை முடிந்து கோப்பி குடிக்கும்போது ஒரு டெனிஷ் மனிசி எனக்கும் என் கணவருக்கும் அவரைப் பற்றிச் சொன்னாள். பிரிட்டிஷ் இராணுவத்தில் மேஜராக இருந்தவராம். அதை விட்டுவிட்டுத் தகப்பனுடைய கப்பல் கட்டும் தளத்துக்குத் திரும்பிப் போனவராம். பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து கப்பல் கட்டிய குடும்பமாம். அந்தத் தளத்தை மூடவேண்டி வந்தபோது, டெனிஷ்காரியான மனைவியோடு அவளுடைய ஊரான ரண்டர்ஸுக்கு வந்துவிட்டாராம். மனைவி இறந்தது நாங்கள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான்.

என் கணவர் கோப்பியை முடிக்கவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

"என்னப்பா, இடையிலை எழும்பி வந்திட்டியள்?"

"அவன் ஆமிக்காரன்."

"அது எந்தக் காலம், எந்த நாடு…"

"ஆமிக்காரன் எண்டா ஆமிக்காரன்தான். எந்த நாட்டுச் சட்டையைப் போட்டால் என்ன? வேலியோடை நிண்டு கதை. உள்ளுக்குக் கூப்பிடாதை."

நாங்கள் கலியாணம் செய்தது டென்மார்க்கில். என் கணவருடைய அண்ணையை ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோனது, அவர் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் என் கணவர் சொன்னதில்லை. நானும் தோண்டவில்லை.

ஆகவே பல வருடங்கள் மேஜரோடு என் பழக்கம் வேலியோடு நின்றது.

அவர் யாருக்கும் எதையும் "செய்" என்று சொல்லமாட்டார். இதுதான் அவர். இதைவிட அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு பெரிய விசயம் இல்லை. தபால்காரனிடம், குழாய் திருத்த வந்தவனிடம், கடையில் பாண் வெட்டித் தரும் பிள்ளையிடம், எல்லாரிடமும் அவருடைய பேச்சு "உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டா" என்றுதான் தொடங்கும். டெனிஷ் மொழியில் 'தயவுசெய்து' என்பதற்கு ஒரு நேர்ச் சொல் இல்லை. அது அவருக்குத் தீராத மனவருத்தம். அந்த ஒரு சொல் இல்லாத குறையை நிரப்ப அவர் பெரிய பெரிய வசனங்களைக் கட்டுவார். வசனம் முடிவதற்குள் கேட்டுக்கொண்டு நிற்பவர் வேலையைச் செய்து முடித்துவிடுவார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "உங்கடை பாசையிலை அதுக்கு என்ன சொல்லுவியள்?"

யோசித்துப் பார்த்தேன். 'தயவுசெய்து' என்று நாங்கள் எங்கே வாயால் சொல்கிறோம்? பஸ்ஸில் எழுதிவைப்பதோடு சரி. "நாங்கள் அதுக்கெண்டு ஒரு சொல்லுப் போடுறேல்லை. வா எண்டால் கட்டளை. வாங்கோ எண்டால் மரியாதை. இரு, இருங்கோ. தா, தாங்கோ. வால்தான் வித்தியாசம்" என்றேன்.

அவருக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகப் போய்விட்டது. "வாலிலையோ வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டுச் சிரித்தார். மறுநாள் காலை அடுக்களையில் நிற்கிறேன், பக்கத்து முற்றத்திலிருந்து "வாங்கோ… வாங்கோ…" என்று குரல் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் நாயைக் கூப்பிடுகிறார். டெனிஷுக்கும் இங்கிலீஷுக்கும் அசையாத நாய் அதற்கு ஓடி வந்தது. என் மகள் சன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை, ஆனால் அவர் காது கொடுத்துக் கேட்டதை நான் கண்டேன்.

அவரோடு பழகுவது சுகமான காரியம் என்று சொல்லமாட்டேன். சில நேரம் எரிச்சல் வரும். சுப்பர்மார்க்கெட்டில் பின்னால் நிற்பவர்களையெல்லாம் முன்னுக்கு விட்டுவிட்டுத் தான் கடைசியில் நிற்பார். யாரோ ஒருத்தன் தினமும் அவருடைய வாசல் படலைக்குக் குறுக்கே காரை நிறுத்திவிட்டுப் போவான். இவர் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கி வேலியைத் தாண்டிக் கொண்டுபோவார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எடு காரை எண்டு ஒரு சத்தம் போடுங்கோவன்! நீங்கள் மேஜர் எல்லோ?"

அவருடைய முகம் சட்டென்று வெளிறியது. நான் வேறு யாரையோ பற்றிச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். பிறகு, "அவருக்கும் வேறை இடம் கிடைக்காமல் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இராணுவத்தைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. கப்பல் தளத்தைப் பற்றி என்றால் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு கதைப்பார். அவருடைய ஊரில் தெருமுனையில்தான் தளமாம். கப்பல் ஒன்றைக் கட்டத் தொடங்கினால் அதன் இரும்பு உடம்பு நாளுக்கு நாள் வளர்ந்து வீடுகளுக்கு மேலே எழும்பி நிற்குமாம். தெரு முழுவதும் அதன் நிழலில்தான் சமைக்கும், உடுப்புத் தோய்க்கும், பிள்ளை வளர்க்கும். கப்பல் தண்ணீரில் இறங்கும் நாளில் சனம் எல்லாம் கூடிக் கூச்சல் போடும். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினால் அடுக்களைக்குள் வெயில் அடித்துக்கொண்டிருக்குமாம்.

"அம்மா அந்த வெயிலைப் பாத்து அழுவா" என்றார். "ஒவ்வொரு முறையும் அழுவா. கப்பல் போனதுக்கில்லை. அந்தப் பெரிய சாமான் இனித் தெருவிலை இல்லையெண்டு."

இதைச் சொல்லும்போது அவர் கண் ஆற்றுப் பக்கம் போகும். எங்கள் வீட்டிலிருந்து ஆறு தெரியாது. இருந்தாலும் அந்தப் பக்கம் பார்ப்பார்.

அந்த நேரங்களில் ஒரு விசயத்தைப் போகிற போக்கில் சொல்லிவைப்பார். "கப்பல் இறக்கின சறுக்குமேடை இன்னும் அப்பிடியே கிடக்காம்." இன்னொரு நாள், "பில்லுண்டிலை இருந்து இங்கிலாந்துக்குப் பிளேன் இருக்காம். கனநேரம் எடுக்காதாம்." நான் "ஓமோ?" என்று கேட்டுவிட்டு உடுப்பைக் காயப்போடுவேன்.

ரண்டர்ஸிலிருந்து ஆறு போய்க் கடலோடு சேரும் நீண்ட கழிமுகத்தில் அவர் ஒரு சின்னப் பாய்ப்படகு வைத்திருந்தார். தானே செய்தது. வைகாசி மாதத்தில் அந்தப் பக்கம் முரல் மீன் வரும். டெனிஷ்காரர் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். நீண்ட சொண்டு, பச்சை முள்ளு, எங்கள் முரலேதான். அந்த மாதம் வந்தால் ரண்டர்ஸ் தமிழ்ச் சனம் தூண்டிலோடு கரையில் நிற்கும். என் கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடித்த கையோடு கரைக்குப் போய்விடுவார். ஒரு வருடம் மீன் கரைப் பக்கமே வரவில்லை. எல்லாம் வெளியே நின்றது. வெறும் வாளியோடு திரும்பி வந்த என் கணவரை மேஜர் வேலிக்கு மேலால் பார்த்தார்.

"உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டா… என்ரை படகு சும்மாதான் கிடக்குது."

 என் கணவர் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினார். 

"நீயும் வாறதெண்டால் போவம்" என்றார் என்னிடம். ஆமிக்காரனோடு தனியப் போக அவருக்கு மனம் இல்லை. மீனை விடவும் மனம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். நான் படகின் முன்பக்கம் இருந்தேன், மேஜர் பின்னால் சுக்கான் பிடித்தார், என் கணவர் நடுவில். மீன் அள்ளு கொள்ளையாகப் பட்டது. என் கணவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. ஒவ்வொரு முரலாகத் தூக்கித் தூக்கி எனக்குக் காட்டினார். பெரிய மீன் ஒன்று பட்டபோது தன்னை அறியாமல் எழும்பி நின்றுவிட்டார்.

பாயின் அடியில் ஒரு கனத்த தடி இருக்கும். காற்றுத் திடீரென்று மாறினால், பாயோடு சேர்ந்து அந்தத் தடி படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி அடிக்கும். தலையில் பட்டால் ஆள் தப்பாது. காற்று அப்போதுதான் மாறியது. நான் தடி அசைவதைக் கண்டேன், வாய் திறக்க நேரமில்லை.

"கெட் டவுன்!"

அது மேஜருடைய குரல் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த மெலிந்த உடம்புக்குள் அப்படியொரு குரல் அத்தனை வருடமும் இருந்திருக்கிறது. கழிமுகத்தின் அடுத்த கரையில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. தடி என் கணவரின் தலை இருந்த இடத்தால் போனது. அவர் தலை அங்கே இல்லை. படகின் அடித்தட்டில் குப்புற விழுந்து கிடந்தார். இரண்டு கையும் பிடரியில் கோத்திருந்தன. முழங்கை இரண்டும் காதை மூடியிருந்தன.

ஆபத்துப் போன பிறகும் அவர் எழும்பவில்லை.

"எழும்புங்கோ, ஒண்டுமில்லை, எழும்புங்கோ" என்றேன். அசையவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. அவர் வாளியிலிருந்து சிதறிய மீன்கள் அவரைச் சுற்றித் துள்ளின.

மேஜர் அதைப் பார்த்தார். அப்படிக் கைகோத்துக் கிடப்பது என்ன என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பாயை அவிழ்த்து விட்டார். சுக்கானை விட்டு இறங்கி, மடிப்புக் குலையாத அந்தக் காற்சட்டையோடு, மீன் தண்ணீருக்குள் என் கணவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். தொடவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. படகு தன்பாட்டில் மிதந்தது. என் கணவர் கையை எடுத்து, தலையைத் தூக்கி, யார் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு மூன்று பேரும் கரைக்கு வந்தோம்.

அன்று பின்னேரம் கதவு தட்டப்பட்டது. மேஜர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "உங்கடை மனிசனிட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான். அவருக்குக் கரைச்சல் இல்லையெண்டா."

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் அடுக்களை மேசையில் இருந்தார். எழும்பி வந்து, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்கோ" என்றார் தமிழில். "உள்ளுக்கு வாங்கோ."

மேஜருக்கு அந்தச் சொல் தெரியும். வந்தார்.

அன்றைக்குத்தான் அவர் இராணுவத்தைப் பற்றிச் சொன்னார். நிறையச் சொல்லவில்லை. ஒரு வெயில் நாடு, எந்த நாடு என்று சொல்லவில்லை. ஒரு பாலம். அது பாதுகாப்பானதா என்று பார்க்க ஒருவனை அனுப்பவேண்டியிருந்தது. "பக்கத்திலை நிண்டவனுக்குத் தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிண்டவன். போய்ப் பார் எண்டு சொன்னன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனவன்." தொப்பியை மேசையில் வைத்தார். "கேட்டிருந்தாலும் போயிருப்பான். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கட்டளை கொடுக்கவில்லை. அன்றைக்குக் காலைவரை.

என் கணவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் தொடங்கினார். தன்னுடைய டெனிஷ் இதற்குக் காணாது என்று அவருக்குத் தெரியும். "சொல்லு அவருக்கு" என்றார் என்னிடம். நான் ஒவ்வொரு வசனமாக டெனிஷில் சொன்னேன். அப்படித்தான், அத்தனை வருடம் கூட வாழ்ந்தவரின் கதையை, வேறொருவருக்குச் சொல்வதற்காக, முதல் தடவையாக நானும் கேட்டேன்.

"சந்தியிலை எல்லாரையும் குப்புறப் படுக்கச் சொன்னவங்கள். நானும் அண்ணையும் பக்கத்திலை பக்கத்திலை. அவற்றை முழங்கை என்ரை முழங்கையிலை முட்டிக்கொண்டு இருந்தது. தலையைத் தூக்கவேண்டாம் எண்டவங்கள். நான் தூக்கேல்லை. கொஞ்ச நேரத்தாலை முழங்கை முட்டேல்லை. அப்பவும் நான் தூக்கேல்லை. எழும்பச் சொல்லேக்கை பக்கத்திலை ஆளில்லை."

முழங்கைக்கு டெனிஷில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். தினமும் பத்துத் தரம் சொல்கிற சொல். அன்றைக்கு வாயில் வரவில்லை. என்னுடைய முழங்கையைத் தொட்டுக் காட்டினேன்.

மேஜர் அனுதாபம் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணைக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"குணம்."

அவர் அதைத் திருத்தமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன்னுடைய தடிமன்காரப் பெடியனின் பெயரைச் சொன்னார். என் கணவர் அதை இரண்டு மூன்று தரம் சொல்லிச் சரிப்படுத்தினார். நான் முரலைப் பொரித்தேன். இருவரும் பச்சை முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு வேலியில் ஒரு படலை வந்தது. என் கணவர் போட்டது.

ஆண்டுகள் போயின. நாய் செத்தது. மகள் கோப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போனாள். மேஜருக்கு நெஞ்சு வருத்தம் வந்து நடை தளர்ந்தது. ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது வழக்கம்போலச் சொன்னார்: "சறுக்குமேடை இன்னும் அப்பிடியே கிடக்காம்." நான் வழக்கம்போல "ஓமோ?" என்றேன். அவர் போன பிறகு என் கணவர் சொன்னார்: "மனிசனுக்கு அங்கை போகவேணும். கேக்கத் தெரியேல்லை."

"கேட்டால் கூட்டிக்கொண்டு போகலாம்தானே."

"எத்தினை வருசமாய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்."

அடுத்த நாள் என் கணவர் படலையைத் திறந்துகொண்டு போய் அவர் முன்னால் நின்றார். "லண்டனிலை எங்களுக்கு ஒரு கலியாணவீடு வருது. எனக்கு உங்கடை ஊர் ஆத்தங்கரையைப் பாக்கவேணும். உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டா எங்களைக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

  "ஒரு கரைச்சலும் இல்லை" என்றார் மேஜர்.

கலியாணவீடு முடிந்து லண்டனிலிருந்து வடக்கே ரயிலில் போனோம். கப்பல் தளம் இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்புகள் எழும்பியிருந்தன. வாசலில் அலங்காரத்துக்கு ஒரு நங்கூரம். அவற்றுக்கு நடுவே, தண்ணீருக்குள் சரிந்து போகும் அகன்ற மேடை மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. மேஜர் அதன் உச்சியில் வந்து நின்றார். ஓர் அடிகூடக் கீழே வைக்கவில்லை. அவர் பார்த்தது மேடையை அல்ல, அதற்கு மேலே வெறுமையாக இருந்த வானத்தை.

பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் வெளியே சக்கர நாற்காலி வண்டியில் ஒரு கிழவர் இருந்தார். கனநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். தளத்தில் இரும்புத் தகடு ஒட்டிய வெல்டர் அவர். மேஜர் அவரைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார், தண்டனைக்கு நிற்பவர் போல.

"கடைசி நாள் எங்களிட்டை என்ன கேட்டனியள் எண்டு ஞாபகம் இருக்கோ?" என்றார் வெல்டர். அவருடைய இங்கிலீஷ் கரடுமுரடானது. எனக்கே பாதிதான் விளங்கியது. என் கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இருக்கு."

வெல்டர் எங்களுக்குச் சொன்னார். தளத்துக்கு வேலை வருவது நின்றுபோய், மூடுவது என்று முடிவான அன்று, முதலாளி எல்லாரையும் பெரிய கொட்டகைக்குள் கூட்டினாராம். நாளையிலிருந்து வேலை இல்லை என்று சொல்ல வந்தவர், பழக்கதோசத்தில் "உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டா" என்று தொடங்கி, மிச்சத்தைச் சொல்ல முடியாமல் நின்றுவிட்டாராம். பின்வரிசையிலிருந்து ஒருவன் "கரைச்சல்தான்!" என்று கத்தினானாம். முதலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாராம். அவரைப் பார்த்து எல்லாரும் நிலத்தில் இருந்தார்களாம், வேலை முடியும் ஊதுகுழல் ஊதியும் ஒருவரும் எழும்பவில்லையாம்.

"பின்னாலை நிண்டு கத்தினது நான்தான்" என்றார் வெல்டர்.

"தெரியும்" என்றார் மேஜர். "குரல் தெரியும்."

"இப்பவும் அதைத்தான் சொல்லுவன். இப்பவும் கரைச்சல்தான்."

"எனக்கும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கைகொடுக்கவில்லை. வெல்டர்தான் கடைசியில் தண்ணீர்ப் பக்கம் தலையை ஆட்டினார். "கீழை போய்க் கனகாலம். தனிய இறங்க ஏலாது." மேஜர் வண்டியின் பின்பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். அவருக்குப் பலம் காணாது என்று கண்டு என் கணவர் ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். மூன்று பேரும் பாசியில் சறுக்கிச் சறுக்கி, மெல்ல மெல்லத் தண்ணீர் ஓரம்வரை இறங்கினார்கள். நான் மேலே நின்றேன். வற்று முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கியது. அவர்கள் சப்பாத்து நனையும்வரை நின்றார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் வெல்டர் மேஜருக்குத் தொலைபேசி எடுத்தார். எடுக்கும் நேரம் பார்த்து என் கணவரும் அங்கே போய் இருப்பார். கடைசிக் குளிர்காலத்தில் மேஜருக்குச் சவரம் செய்துவிட்டதும் அவர்தான். ஆமிக்காரன் என்று வேலியோடு நிறுத்தியவரின் கழுத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நாடியைக் கவனமாக வழிப்பார். ஓர் அதிகாலை, சவரத்துக்குச் சாய்ந்திருக்கும் அந்தக் கதிரையிலேயே மேஜரின் மூச்சு நின்றது. என் கணவர் பக்கத்தில் இருந்தார். ரண்டர்ஸ் சேமக்காலையில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

வெல்டருக்குச் செய்தி சொன்னதும் என் கணவர்தான். தனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார். "தனியவோ இருந்தவர்?" என்று அவர் கேட்டது மட்டும் எனக்கும் கேட்டது. "நோ. மீ. ஐ தெயார்" என்றார் என் கணவர்.

பக்கத்து வீட்டில் இப்போது வேறு ஆட்கள். நல்ல சனம், பிள்ளைகள் உள்ள குடும்பம். அவர்கள் காலையில் நாயை அதட்டும் சத்தம் கேட்டால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு ஒரு கணம் நிற்பேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு ஆளோடு பழகிவிட்டால் பிறகு உலகம் முழுவதும் கொஞ்சம் உரக்கப் பேசுவதுபோல இருக்கிறது.

போன ஞாயிறு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மேஜர் போன நாளிலிருந்து வெல்டர் இங்கேதான் எடுக்கிறார். என் கணவர் சன்னலோரம் போய் நின்று கதைத்தார். "யேஸ்… யேஸ்… ரெயின்… ஹியர் ஆல்சோ…" என்று கேட்டது. பிறகு கனநேரம் சத்தமில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சோறு வடித்துவிட்டு வந்தேன், கறியை இறக்கிவிட்டு வந்தேன், அப்பவும் நின்றார்.

வைத்துவிட்டு வந்தபோது கேட்டேன்: "என்னவாம் கிழவர்?"

"விளங்கேல்லை."

"விளங்காமலோ இவ்வளவு நேரம் நிண்டனியள்?"

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அவருக்கும் நான் சொன்னது விளங்கியிராது" என்றார். "வைக்க மனம் வரேல்லை."